முள்ளை இறக்கினால் பாய்லர் குளிருமா? ஒரு பொன்மலை ஃபிட்டரும் ஹோமோசிஸ்டீனும்

பொன்மலைச் சந்தையில் கத்திரிக்காயும் முருங்கைக்கீரையும் வாங்கிக்கொண்டு வீட்டு வாசலுக்கு வந்தபோதுதான் அவர் குனிந்து பார்த்தார். இடது காலில் செருப்பு இல்லை. எங்கே கழன்றது, எப்போது கழன்றது... எதுவும் தெரியவில்லை. வழியில் கல் குத்தியதும் தெரியவில்லை, தார் ரோடு சுட்டதும் தெரியவில்லை.

"என்னங்க, ஒத்தச் செருப்போட வர்றீங்க?" என்று மனைவி கேட்டார்.

"அறுந்துபோச்சு, தூக்கிப் போட்டுட்டேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அவருக்கு வயது 63. பொன்மலை ரயில்வே பணிமனையில் ஃபிட்டராக இருந்து ஓய்வுபெற்றவர். பணிமனைச் சங்கு ஊதுவதைக் கேட்டே பாதி வாழ்க்கையை ஓட்டியவர். பாய்லர், குழாய், வால்வு என்று பழகிய கை. ஊட்டி மலை ரயிலுக்கான நீராவி எஞ்சின்கள் இங்கேதான் தயாராகின்றன. 2021-இல் நிலக்கரியில் ஓடும் புது எஞ்சின் பணிமனையை விட்டு வெளியே வந்த நாளைப் பற்றிக் கேட்டால் இப்போதும் அரை மணி நேரம் பேசுவார்.

சர்க்கரைக்காக 12 வருடமாக மெட்ஃபார்மின் மாத்திரை போடுகிறார். பிரஷருக்கு ஒன்று, கொலஸ்ட்ராலுக்கு ஒன்று என்று தினமும் மேலும் இரண்டு மாத்திரைகள். கால் மரத்துப்போவதை, "சுகர்னா அப்படித்தான் இருக்கும்" என்று ஒதுக்கி வைத்திருந்தார். அவருடைய பயமெல்லாம் நெஞ்சைப் பற்றித்தான்.

காரணம், தம்பி. ஆறு வருடத்துக்கு முன்பு ஒரு ராத்திரி, "நெஞ்சு கரிக்குதுண்ணே, கேஸ் போல" என்று சொல்லி சோடா குடித்துவிட்டுப் படுத்த தம்பி மறுநாள் எழுந்திருக்கவில்லை. தம்பிக்கு அப்போது 52 வயது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு அவர் ஆட்டுக்கறியை விட்டார். மீனை விட்டார். முட்டையை விட்டார். கொழுப்பு என்று யாரோ சொல்ல, பாலையும் தயிரையும்கூட விட்டார். காலையில் வரக்காப்பி, ராத்திரி ரசம் சோறு. "நெஞ்சுக்கு ஆகாதது எதுவும் வேணாம்" என்பதுதான் அவர் போட்ட கணக்கு.

அந்தக் கணக்கு எங்கே தவறியது என்பதைக் காட்டியது ஒரு பி.டி.எஃப்.

சிவப்பு எழுத்தில் ஒரு பெயர்

பெங்களூரில் இருக்கும் மகள் போனிலேயே ஒரு முழு உடல் பரிசோதனைக்குப் பதிவு செய்துவிட்டாள். ஒரு பையன் வீட்டுக்கே வந்து ரத்தம் எடுத்துப் போனான். மறுநாள் ராத்திரி ரிப்போர்ட் வாட்ஸ்அப்பில் வந்தது. பக்கம் பக்கமாக எண்கள். பெரும்பாலானவை கறுப்பு எழுத்தில் இருக்க, ஒன்று மட்டும் சிவப்பில் இருந்தது. ஹோமோசிஸ்டீன்: 34. பக்கத்தில், "இயல்பு 15-க்குள்" என்று போட்டிருந்தது.

அந்தப் பெயரை அவர் வாழ்நாளில் கேட்டதில்லை. போனில் தேடினார். ரத்தக்குழாய் அடைப்பு, மாரடைப்பு, பக்கவாதம் என்று வரிசையாக வந்து விழுந்தன. தம்பியின் படம் மாட்டியிருந்த சுவரைப் பார்த்தபடியே அன்று விடியும் வரை உட்கார்ந்திருந்தார்.

விடிந்ததும் மெடிக்கல் ஷாப்புக்குப் போனார். போனை நீட்டி, "இதைக் குறைக்க ஒரு மாத்திரை குடுப்பா" என்றார். ஃபோலிக் அமில மாத்திரை கிடைத்தது. டாக்டரிடம் போகவில்லை, மனைவியிடமும் சொல்லவில்லை. மூன்று மாதம் கழித்துத் தானே மறுபடி சோதித்துப் பார்த்தார். 34 இருந்த இடத்தில் 22.

அன்று வீட்டில் கேசரி கிளறச் சொன்னார். அடைப்பு கரைய ஆரம்பித்துவிட்டது என்று நம்பிவிட்டார். மறுநாள் முதல் பிரஷர் மாத்திரையையும் கொலஸ்ட்ரால் மாத்திரையையும் சத்தமில்லாமல் நிறுத்தினார்.

அது என்ன ஹோமோசிஸ்டீன்?

பருப்பு, பால், கறி என்று எந்தப் புரதத்தைச் சாப்பிட்டாலும் அதில் மெத்தியோனின் என்ற அமினோ அமிலம் இருக்கும். உடம்பு அதைப் பயன்படுத்தும்போது நடுவில் உருவாகும் பொருள்தான் ஹோமோசிஸ்டீன். எல்லோர் ரத்தத்திலும் கொஞ்சம் இருக்கும். அதுவே ஒரு நோய் அல்ல.

அது தேங்காமல் வெளியேற இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, மறுபடியும் மெத்தியோனினாக மாறுவது. இதற்கு ஃபோலேட்டும் வைட்டமின் பி12-ம் வேண்டும். இன்னொன்று, சிஸ்டீன் என்ற வேறொரு அமினோ அமிலமாக மாறுவது. இதற்கு வைட்டமின் பி6 வேண்டும். யார்டில் இரண்டு பாதைகளில் ஒன்றை மூடினால் வேகன்கள் வரிசையில் நிற்கும் அல்லவா? இந்த வைட்டமின்களில் ஒன்று குறைந்தாலும் ஹோமோசிஸ்டீன் அப்படித்தான் தேங்கும். சிறுநீரகம் பழுதானாலும், தைராய்டு சுரப்பு குறைந்தாலும், புகைபிடித்தாலும் இதன் அளவு கூடும்.

லிட்டருக்கு 5 முதல் 15 மைக்ரோமோல் வரை இயல்பு என்பது பொதுக்கணக்கு. 15 முதல் 30 வரை லேசான உயர்வு, 30 முதல் 100 வரை நடுத்தரம், 100-க்கு மேல் கடுமையானது.

இதை முதலில் கண்டறிந்தவர் அமெரிக்க வேதியியலாளர் வின்சென்ட் டு விக்னோ. ஆண்டு 1932. 1955-இல் அவருக்கு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. இதயத்தோடு இதை முடிச்சுப் போட்டவர் கில்மர் மெக்கல்லி என்ற நோய்க்குறியியல் மருத்துவர். பிறவிக் குறைபாட்டால் ரத்தத்தில் ஹோமோசிஸ்டீன் மிக அதிகமாகத் தேங்கிய இரண்டு குழந்தைகளின் உடற்கூறு ஆய்வுகளை அவர் ஒப்பிட்டார். ஒரு குழந்தைக்கு வயது இரண்டே மாதம், இன்னொரு பையனுக்கு எட்டு. இருவரின் ரத்தக்குழாய்களும் முதியவர்களுடையவை போலத் தடித்துப்போயிருந்தன. 'குழந்தைக்கே இப்படி என்றால், பெரியவர்களின் ரத்தக்குழாய் நோய்க்கும் இது காரணமாக இருக்கலாமே' என்று 1969-இல் எழுதினார். கொலஸ்ட்ரால் மட்டுமே பேசப்பட்ட காலம் அது. அவர் பேச்சு எடுபடவில்லை. 1970-களின் இறுதியில் ஹார்வர்டு வேலையும் போனது.

பிறகு காற்று திசை மாறியது. 1992-இல் வெளியான ஓர் ஆய்வு, அமெரிக்காவின் 14,916 ஆண் மருத்துவர்களைத் தொடர்ந்து கவனித்தது. ஹோமோசிஸ்டீன் மிக அதிகமாக இருந்த 5 சதவிகிதத்தினருக்கு மாரடைப்பு வாய்ப்பு மற்றவர்களைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு இருந்தது. மருத்துவ உலகம் துள்ளியது. விலை குறைந்த வைட்டமின் மாத்திரையால் மாரடைப்பைத் தடுத்துவிடலாமே!

பொன்மலையில் நம் ஃபிட்டர் போட்ட கணக்கும் அதுவேதான்.

மாத்திரை டப்பாவும் மனைவியும்

குட்டு உடைந்தது ஒரு வெள்ளிக்கிழமை. பரணைச் சுத்தம் செய்தபோது பணிமனைக் காலத்து டிபன் பாக்ஸ் ஒன்று மனைவியின் கையில் கிடைத்தது. திறந்தால், பிரிக்காத மாத்திரை அட்டைகள்.

அவர் சத்தம் போடவில்லை. டப்பாவைக் கணவர் முன்னால் வைத்தார். "தம்பி போனப்ப உங்க தம்பி பொண்டாட்டி எப்படி உக்காந்திருந்தான்னு பாத்தேன். நானும் அப்படி உக்காரணுமா?" என்று கேட்டார். அவ்வளவுதான். அன்று சாயங்காலமே டாக்டரைப் பார்க்கக் கிளம்பிவிட்டார்கள்.

டாக்டரம்மா முதலில் பிரஷர் பார்த்தார். 172/100. பிறகு காலைப் பார்த்தார். கண்ணை மூடச் சொல்லி, கட்டைவிரலை மேலும் கீழும் அசைத்து, "ஐயா, இப்ப விரல் மேல இருக்கா, கீழ இருக்கா?" என்று கேட்டார். அவரால் சரியாகச் சொல்ல முடியவில்லை. அதிரும் இசைக்கவையைக் கணுக்காலில் வைத்தார். அதிர்வும் தெரியவில்லை. என்ன சாப்பிடுகிறார், எத்தனை வருடமாக மெட்ஃபார்மின் போடுகிறார் என்றெல்லாம் கேட்டுவிட்டு பி12 அளவைப் பார்க்கச் சொன்னார். 128 என்று வந்தது. பொதுவாக 200-க்குக் கீழே போனாலே குறைபாடு.

பி12 செடிகொடியில் இல்லை. பால், தயிர், முட்டை, மீன், ஈரல், கறி என விலங்கு வழி உணவில்தான் உண்டு. ஒரு நாள் தேவை சுமார் 2 மைக்ரோகிராம்தான். கல்லீரல் அதைச் சேமித்து வைத்துக்கொள்வதால், உணவில் நின்றுபோனாலும் சில வருடங்களுக்கு வெளியே தெரியாது. இவர் எல்லாவற்றையும் விட்டு ஆறு வருடம் ஆகியிருந்தது. அதற்கு மேல், மெட்ஃபார்மினை நெடுங்காலம் சாப்பிடும் சிலருக்கு பி12 உடலில் சேர்வது குறையும். அமிலத்தைக் குறைக்கும் வயிற்று மாத்திரைகளை வருடக்கணக்கில் போடுகிறவர்களுக்கும் இதே சிக்கல் உண்டு.

நெஞ்சைக் காப்பாற்ற என்று அவர் விட்ட பாலும் முட்டையும்தான் ஹோமோசிஸ்டீனை ஏற்றிவிட்டிருந்தன.

இன்னொரு ஆபத்தையும் டாக்டரம்மா சொன்னார். பி12 குறைவாக இருக்கும்போது ஃபோலிக் அமிலத்தை மட்டும் சாப்பிட்டால் ரத்தசோகை சரியானது போலத் தெரியும், ஹோமோசிஸ்டீனும் ஓரளவு இறங்கும். ஆனால், நரம்புச் சேதம் உள்ளே நடந்துகொண்டே இருக்கும். எண் 22-க்கு இறங்கி, அவர் கேசரி கிளறச் சொன்ன அன்றும் அவருடைய கால் மரத்துக்கொண்டேதான் இருந்தது.

எண் இறங்கியது, மாரடைப்பு இறங்கவில்லை

"அப்ப இது இறங்கினா ஹார்ட்டுக்கு நல்லதில்லையா டாக்டர்?" என்று அவர் விடாமல் கேட்டார்.

இதே கேள்வியை உலகமும் கேட்டுப் பார்த்திருக்கிறது. 2006-இல் முடிவு வெளியான ஹோப்-2 என்ற ஆய்வில், ரத்தக்குழாய் நோயோ சர்க்கரையோ இருந்த 5,522 பேர் கலந்துகொண்டார்கள். பாதிப் பேருக்கு ஃபோலிக் அமிலம், பி6, பி12. மீதிப் பேருக்கு மருந்தில்லா மாத்திரை. ஐந்து வருடம். வைட்டமின் சாப்பிட்டவர்களுக்கு ஹோமோசிஸ்டீன் நன்றாகவே இறங்கியது. ஆனால், மாரடைப்போ இதய நோய் மரணமோ குறையவில்லை. அதே வருடம் நார்வேயில், ஏற்கெனவே மாரடைப்பு வந்த 3,749 பேரிடம் நடந்த ஆய்விலும் அதே முடிவுதான்.

பக்கவாதத்தில் மட்டும் கதை கொஞ்சம் வேறு. ஹோப்-2-வில் பக்கவாதம் சற்றுக் குறைந்தது. 2015-இல் வெளியான சீன ஆய்வில், ரத்த அழுத்தம் உள்ள 20,702 பேரில் பிரஷர் மாத்திரையோடு ஃபோலிக் அமிலமும் எடுத்தவர்களில் 2.7 சதவிகிதத்தினருக்கும், பிரஷர் மாத்திரை மட்டும் எடுத்தவர்களில் 3.4 சதவிகிதத்தினருக்கும் பக்கவாதம் வந்தது. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இரண்டு தரப்புமே பிரஷர் மாத்திரையை நிறுத்தவில்லை.

நம் பக்கத்து ஆய்வுகளும் உண்டு. 2006-இல் புனே பகுதியில் டாக்டர் யாஜ்னிக் குழுவினர் 441 ஆண்களைச் சோதித்தார்கள். 67 சதவிகிதத்தினருக்கு பி12 குறைவு, 58 சதவிகிதத்தினருக்கு ஹோமோசிஸ்டீன் அதிகம். சென்னையில் டாக்டர் வி.மோகன் உள்ளிட்ட குழு 2001-இல் வெளியிட்ட ஆய்வில், தென்னிந்திய ஆண்களிடம் ஹோமோசிஸ்டீனுக்கும் இதய ரத்தக்குழாய் நோய்க்கும் தொடர்பு தென்படவில்லை. இதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால், நம் ஊரில் இந்த எண் ஏறியிருப்பது பல நேரம் இதயத்தைவிடச் சாப்பாட்டுத் தட்டைப் பற்றித்தான் பேசுகிறது.

அதனால்தான் மாரடைப்பு அபாயத்தைக் கணிக்க எல்லோருக்கும் வழக்கமாகச் செய்யும் சோதனையாக இது இல்லை. பி12 குறைபாட்டில் சந்தேகம் இருந்தாலோ, இள வயதில் காரணமில்லாமல் ரத்தம் உறைந்தாலோ டாக்டர் எழுதுவார். மெக்கல்லி பார்த்த குழந்தைகளைப் போலப் பிறவிக் குறைபாடு உள்ளவர்களுக்கு மட்டும் இதைக் குறைப்பது உயிர் காக்கும் சிகிச்சை.

அவர் நிறுத்திய மாத்திரைகளின் கணக்கோ தெளிவானது. பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், மேல் அளவு ரத்த அழுத்தத்தை 10 புள்ளி குறைத்தால் பக்கவாதம் நான்கில் ஒரு பங்குக்கு மேல் குறைகிறது. கெட்ட கொலஸ்ட்ராலை ஸ்டாட்டின் மாத்திரையால் சுமார் 39 மில்லிகிராம் இறக்கினால், மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரிய பாதிப்புகள் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைகின்றன. கூடப் பிறந்த ஆண் ஒருவருக்கு 55 வயதுக்குள் இதய நோய் வந்திருந்தால் அதுவும் ஓர் அபாயக் குறி. தம்பிக்கு 52. அப்படிப்பட்டவர் கேட்கும் மாத்திரையைத் தள்ளிவிட்டு, கேட்காத மாத்திரையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

கேட்டுக்கொண்டே இருந்த ஃபிட்டர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு தானே சொன்னார்.

"பாய்லர்ல பிரஷர் ஏறினா கேஜ்ல முள் ஏறும். முள்ளைக் கையால புடிச்சு இறக்கினா பாய்லர் குளிராது. முள் எதுக்கு ஏறுச்சுன்னு தேடணும். முப்பது வருஷம் பசங்களுக்கு இதைத்தானே சொல்லிக் குடுத்தேன்..."

"அதேதாங்கய்யா" என்றார் டாக்டரம்மா. "உங்க முள் பி12 இல்லைன்னு காட்டுச்சு. அதைச் சரி பண்ணுவோம். ஹார்ட்டுக்கு வேற கேஜ் இருக்கு. பிரஷர், கொலஸ்ட்ரால், சுகர். அதையும் விடக் கூடாது."

குன்னூர் வரை போகும் கதை

இந்த வைட்டமின் கதைக்குள் நம் மண்ணும் இருக்கிறது. லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1928-இல் பம்பாய்க்கு வந்தார். ஜவுளி ஆலைகளில் வேலை பார்த்த ஏழைக் கர்ப்பிணிகளுக்கு வந்த கடும் ரத்தசோகைக்குக் காரணம் தேடினார். 1929-இல் சில மாதங்கள் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில் ஆய்வு செய்தார். 1931-இல் மெட்ராஸ் கோஷா ஆஸ்பத்திரியிலும் பணியாற்றினார். திருவல்லிக்கேணியில் இன்று கஸ்தூரிபா காந்தி மருத்துவமனையாக இருப்பது அதுதான். ஈஸ்ட்டிலிருந்து எடுத்த சாற்றைக் கொடுத்தால் அந்தப் பெண்கள் தேறுகிறார்கள் என்று அதே 1931-இல் எழுதினார். அந்தச் சாற்றில் இருந்த சத்துதான் ஃபோலேட். இலை என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து 1941-இல் அந்தப் பெயர் வந்தது. பசலை வகைக் கீரையிலிருந்து பிரித்தெடுத்ததால் அப்படி வைத்தார்கள். 1945-இல் அதை ஆய்வகத்தில் தயாரித்துக் காட்டிய லெடர்லி நிறுவனக் குழுவுக்குத் தலைமை ஏற்றிருந்தவர், மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ்.

பொன்மலையில் செய்த எஞ்சின்கள் மேட்டுப்பாளையத்திலிருந்து மலையேறிப் போவது அதே குன்னூருக்குத்தான். மகள் இதைப் போனில் படித்துக் காட்டியபோது அவர் சிரித்துவிட்டார். "நம்ம வண்டி போற ஊர்லயா?"

உங்கள் ரிப்போர்ட்டிலும் இது சிவப்பாக வந்தால்...

முதலில், பயந்து தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். ரத்தம் எடுத்த விதத்தாலும் எண் கூடும். குழாயில் எடுத்த ரத்தத்தைக் குளிர்ச்சியாக வைக்காமலோ, சீக்கிரம் பிரிக்காமலோ விட்டால் சிவப்பணுக்களிலிருந்து ஹோமோசிஸ்டீன் கசிந்துகொண்டே இருக்கும். வீட்டில் எடுத்த ரத்தம் வெயிலில் ஊரைச் சுற்றிவிட்டுப் போயிருந்தால் மறுபடி ஒருமுறை பார்ப்பது நல்லது.

அடுத்து, எண்ணுக்கு மாத்திரை தேடாமல் காரணத்தைத் தேடச் சொல்லுங்கள். பி12, ஃபோலேட், சிறுநீரகம், தைராய்டு ஆகியவற்றில் எதைப் பார்க்க வேண்டும் என்று டாக்டர் முடிவு செய்வார். கால் மரப்பு, நடையில் தடுமாற்றம், நாக்கு எரிச்சல், மறதி, தீராத சோர்வு இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். மெட்ஃபார்மினை நீங்களாக நிறுத்தாதீர்கள். பி12 அளவைப் பார்க்கலாமா என்று மட்டும் கேளுங்கள்.

சாப்பாட்டில் கீரை, பாசிப்பயறு, கொண்டைக்கடலை, வேர்க்கடலை எல்லாம் ஃபோலேட்டுக்கு நல்லவை. கீரையை நெடுநேரம் வேகவைத்து, தண்ணீரை வடித்துக் கொட்டினால் சத்தும் அதோடு போய்விடும். கறி, மீன் சாப்பிடாதவர்களுக்குப் பாலும் தயிரும் முக்கியம். அவற்றையும் தொடாதவர்கள் பி12 மாத்திரை பற்றி டாக்டரிடம் கேட்க வேண்டும். இட்லி மாவு புளிப்பதால் பி12 கிடைத்துவிடும் என்று நம்பியிருக்க முடியாது.

இரண்டு செருப்பு

அவருக்கு பி12 ஊசி போட ஆரம்பித்தார்கள். முதலில் அடுத்தடுத்து, பிறகு இடைவெளி விட்டு. இரண்டு மாத்திரைகளும் திரும்ப வந்தன. அட்டையில் எத்தனை குறைந்திருக்கிறது என்று ஞாயிற்றுக்கிழமைதோறும் மனைவி எண்ணிப் பார்க்கிறார். ஒரு வேளை தயிர் சோறு, வாரத்தில் நான்கு முட்டை. ஆறு மாதத்தில் ஹோமோசிஸ்டீன் 13-க்கு வந்தது. இந்த முறை கேசரி இல்லை. பிரஷர் 130/80 என்று வந்த அன்றுதான் கேசரி கிளறினார்கள்.

கால் முழுசாகத் திரும்பிவிடவில்லை. நரம்பு நெடுநாள் பட்டினி கிடந்தால் எல்லாம் மீளும் என்று உறுதி சொல்ல முடியாது என்று டாக்டரம்மா முதலிலேயே சொல்லியிருந்தார். இடது கட்டைவிரல் நுனி இன்னும் மரத்தே இருக்கிறது. கொஞ்சம் முன்னாலேயே வந்திருந்தால் என்று அவர் சில நேரம் சொல்வதுண்டு.

போன வாரம் சந்தையில் தக்காளிக் கூடைகளுக்கு நடுவே நடந்தபோது அவர் சட்டென்று நின்றார். "என்னங்க?" என்று மனைவி பதறினார்.

"ஒண்ணுமில்ல. செருப்பு கழலுது" என்று சொல்லிக் குனிந்து வாரை இழுத்து மாட்டிக்கொண்டார். கழன்று விழுவதற்கு முன்பே, அது கழல்வது அவருக்குத் தெரிந்திருந்தது.